எல்லைச்சாமி

நங்கநல்லூரோ மடிப்பாக்கமோ, அரை கிரவுண்டு மனைகள் வரிசை பிடித்து நிற்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் ஒருவர் இருப்பார். காலை ஏழு மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டி, பனியனோடு, காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு கையை ஊன்றிப் பக்கத்து வீட்டுப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்த கண். இப்போது பார்க்கக் கோப்பில்லாததால் சுவரைப் பார்க்கிறது. லுங்கி மடிப்பில் பொடி டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மீட்டர் டேப் இருக்கும்.

சுவர் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. பட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம் மூன்றையும் லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார். “சுவர் முழுக்க எங்களுது தம்பி. உங்கப்பா பாதிச் செலவு தரேன்னாரு. பாவம், நல்ல மனுஷன், தரல” என்பதுதான் அவருடைய வணக்கம்.

இப்படிப்பட்டவரின் பக்கத்து வீட்டில்தான் ஐடி தம்பி ஒன்றரை டன் ஏசி வாங்கி மாட்டினான். அவுட்டோரை எங்கே வைப்பது? இருபதடி அகல மனையில் வீடு போக மிச்சமிருப்பது பக்கவாட்டுச் சந்து ஒன்றுதான். மெக்கானிக் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மாடிக்குக் கொண்டுபோனால் காப்பர் பைப் அதிகமாகும், அடிக்கணக்கில் காசு ஏறும் என்றார். தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து, “இங்கயே அடிச்சிரலாம் சார், எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க” என்று ஸ்டாண்டை அறைந்துவிட்டுப் போய்விட்டார். அது நேராக எல்லைச்சாமியின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து ஊத ஆரம்பித்தது.

“குளிர் உங்களுக்கு, சூடு மட்டும் எனக்கா?” என்றார் மறுநாள் காலை.

நியாயமான கேள்வி. ஒன்றரை டன் ஏசி மணிக்கு 18,000 பி.டி.யூ. சூட்டை அறையிலிருந்து அள்ளும். அந்தச் சூட்டோடு, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து அவுட்டோர் வெளியே கொட்டியாக வேண்டும். மூன்றடிச் சந்தில் கொட்டினால் காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். அதையே மெஷின் மறுபடி இழுக்கும். அறை குளிராது, கரண்ட் பில் ஏறும். ஆக, தம்பிக்கும் நஷ்டம்தான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சொல்லியிருந்தால் காபி ஆறுவதற்குள் பஞ்சாயத்து முடிந்திருக்கும். முடிந்துவிட்டால் அப்புறம் நாளெல்லாம் என்ன செய்வது?

அதனால் அவர் சூட்டை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பிடித்தார். பேரனை விட்டுப் போனில் டெசிபல் அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இப்போது அவருக்கு மனப்பாடம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. பத்து அடித்து ஒரு நிமிஷத்துக்கெல்லாம் ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டுவார். முதல் ராத்திரி முள் எகிறியது. உள்ளே அவர் மனைவி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். “செத்த நேரம் நிறுத்துடி, சட்டப்படி அளக்கிறேன்” என்றதற்கு உள்ளேயிருந்து வந்த பதிலையும் செயலி பதிவு செய்துகொண்டது.

இத்தனைக்கும் அவர் வீட்டில் கம்ப்ரசர் போர். அதே சுவரை ஒட்டி, தகரக் கூண்டுக்குள். விடியற்காலை நாலே முக்காலுக்கு அவர் ஸ்விட்சைத் தட்டினால் தெருக்கோடி நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். விதிப்படி அதுவும் இரவுதானே என்று தம்பி மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

“அது தண்ணி தம்பி. இது சொகுசு.”

மனு எழுதுவதில்தான் அவருடைய பழைய உத்தியோகம் முழுசாக வெளிப்படும். “பொருள்: அண்டை வீட்டார் குளிர்சாதனப் புற அலகு – அகற்றக் கோருதல் – தொடர்பாக.” பார்வை ஒன்று முதல் ஏழு வரை, ஏழுமே அவருடைய முந்தைய மனுக்கள். நகல் மாநகராட்சிக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு. கடைசி நகலைச் சுவருக்கு மேலாகத் தம்பியிடமே நீட்டி, “படிச்சுப் பாருங்க, ஏதாவது விட்டுப்போச்சா?” என்பார். பகையிலும் அப்படி ஒரு நேர்மை.

அவருக்கு உண்மையில் பயம் ஒன்றுதான். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம். இருபது வருஷம் தடையில்லாமல், உரிமையாக அனுபவித்துவிட்டால் அது பாத்தியதை ஆகிவிடும். “இன்னிக்கு ஒரு சொட்டு விழவிட்டா, என் பேரன் காலத்துல அது வாய்க்கால்” என்பார். சொட்டு என்று அவர் சொன்னது ஏசியின் டிரெயின் தண்ணீரை. டியூபின் நுனி எப்படியோ சுவர் தாண்டி இவர் பக்கம் இரண்டு அங்குலம் எட்டிப் பார்த்தது. டேப் வைத்து அளந்து அதையும் மனுவில் ஏற்றினார். மனு போன கையோடு அடியில் ஒரு பக்கெட்டை வைத்தார். சென்னைப் புழுக்கத்துக்கு அது சீக்கிரம் நிறைந்தது. முதலில் குரோட்டன்ஸுக்கு. பிறகு வேட்டித் துணியில் வடிகட்டி இன்வெர்ட்டர் பேட்டரிக்கு. பேட்டரிக் கடைக்காரர் தூசும் உலோகமும் கலந்திருக்கும், ஊற்றாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. டிஸ்டில்டு வாட்டர் கேன் காசு மிச்சமாயிற்றே.

எட்டாவது மனுவில் தம்பி வெறுத்துப்போய், காப்பர் பைப்புக்குத் தண்டம் அழுது அவுட்டோரை மாடிக்கு ஏற்றினான். டியூபையும் வெட்டித் தன் பக்கத்துச் சாக்கடையிலேயே விட்டுக்கொண்டான். அறை முன்னைவிட ஜில்லென்று ஆனது. அதை மட்டும் அவன் சுவர்ப்பக்கம் சொல்லவில்லை.

ஒரு வாரம் எல்லைச்சாமியின் தலை தெரியவில்லை. அடுத்த ஞாயிறு காலை, கையில் ஒரு தாளோடு கேட்டைத் திறந்துகொண்டு நேராக வீட்டுக்குள்ளேயே வந்தார்.

“உட்காருங்க சார். மாடியிலயும் தொந்தரவா?”

“சேச்சே. அந்த டியூபை மறுபடி நம்ம பக்கமே விட்டுடுங்க தம்பி. பேட்டரி காயுது.” தாளை நீட்டினார். “அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து. என் அனுமதியின் பேரில்தான் தண்ணி விடுறீங்க, இதனால உங்களுக்கோ உங்க வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் கிடையாதுன்னு எழுதியிருக்கேன். ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தர் கிடைச்சுட்டார், பேட்டரிக் கடைக்காரர்.”