முதல்ல ஒரு சாரன மூட்டு, மனே

வா மனே, இரி. தேத்தண்ணி குடிச்சியா? முகத்தப் பாத்தா பெரிய யோசினையோட வந்தாப் போல கிடக்கு. என்னது? மகனுக்குத் தையல் பழக்கப் போறியா? மாஷா அல்லாஹ், நல்ல விசயந்தானே! அதுக்கேன் உன்ட நெத்தி இஸ்திரி போடாத துணி போலச் சுருங்கிக் கிடக்கு?

கேள்விப்பட்டன் மனே, எல்லாம் கேள்விப்பட்டன். பொடியனுக்குப் பதினாலு வயசு. நீ போன்ல பத்து வீடியோ பாத்தாய். கொழும்புக்குக் கோல் எடுத்துக் கரண்டு மெசின் ஒண்டுக்கு விலையும் கேட்டாய். அதில நூறு வகைத் தையல் வருமாம். பூ வருமாம், பூனைக்குட்டியும் வருமாம். உன்ட மகன் இன்னம் ஒரு ஊசியில நூல் கோக்கல்ல. வீட்டில இருந்து பஸாருக்குப் போக ஆராச்சும் ஏரோப்பிளேன் வாங்குவானா?

கரண்டு மெசினாம். 2022ல ஒரு நாளைக்குப் பதிமூண்டு மணித்தியாலம் கரண்டு போனது மறந்திட்டா? என்ட கால் மெசின் அப்பயும் ஓடினது. 2004 மார்கழி 26ல கடல் வந்து வீட்டோட அதையும் மண்ணுக்குள்ள தள்ளிட்டு. தோண்டி எடுத்து, மண்ணெண்ணெயில கழுவி, எண்ணெய் விட்டு மிதிச்சன். கொஞ்சம் முனகிச்சு. பேந்து ஓடிட்டு. நூறு வகைத் தையல் அதுக்குத் தெரியாது. ஒரு வகைதான் தெரியும். ஊர்ல பாதிப் பேர்ட பெருநாள் உடுப்பு அந்த ஒரு வகையிலதான் தைச்சது.

மெசின் கவலைக்கு மேல உனக்கு இன்னொரு கவலையும் இரிக்கி. வாயால செல்றாய் இல்ல, கண்ணுல தெரியுது. ‘ஆம்பிளப் புள்ளைக்குத் தையலா எண்டு ஊர் சிரிக்குமே’ எண்டு பாக்காய். எந்த ஊர் மனே? இந்தக் கல்முனையா? நோன்பு இருபத்தேழுக்குப் பிறகு பஸார்ல டெய்லர் கடையள எட்டிப் பாத்திரிக்கியா? விடிய விடிய மெசின் மிதிக்கிறவன் எல்லாம் ஆரு? என்ட கடையில நாலு மெசின் கிடந்தது. நாலிலயும் மீசைதான்.

கடற்கரைக்கு ஒருக்காப் போ. தோணி நிழலுல குந்தி வலை பொத்துறவனப் பாரு. அவன்ட கையில இரிக்கிறது என்ன, வாளா? மருதமுனைக்குப் போ. தறியில இரிந்து நூலோட மல்லுக்கட்டுற ஆம்பிளயளக் கேளு, நூல் தொட்டதால மீசை உதிந்திட்டா எண்டு. சூடு மிதிச்ச காலத்தில நெல்லு மூட்டைக்கு வாய் தைச்சதும், மாமியா? உன்ட வாப்பாட வாப்பா, சாக்கூசியால. நாளைக்கு உன்ட கால்ல ஆணி கிழிச்சா டொக்டரிட்ட ஓடுவாய். அவரும் தைக்கத்தான் போறார். அப்ப மட்டும் ‘பொண்டுகள்ட வேல’ எண்டு எழும்பி வருவியா?

இன்னம் கேளு. தையல் மெசின் எண்டு ஒண்டு வந்த புதுசில, பிரான்சு நாட்டில திமோனியே எண்ட ஒருத்தன் 1830ல அதுக்கு உரிமை எடுத்தான். பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்க மெசின் பல போட்டு ஓட்டினான். அடுத்த வருசமே பாரிசு டெய்லர்மார் கூட்டமாப் போய் உடைச்சுத் தள்ளிட்டாங்க. ஏன்? எங்கட தொழிலு போயிடும் எண்டு! அண்டைக்கு ஆம்பிளைகள் அடிபட்டுக் காத்த வேலைக்கு நீ இண்டைக்கு வெக்கப்படுறாய்.

சரி, பொண்டுகள்ட வேல எண்டே வச்சுக்கோ. அதில என்ன குறைச்சல்? 1969ல சந்திரன்ல கால் வச்ச ரெண்டு பேரும் போட்டிரிந்த உடுப்பு, இருபத்தொரு அடுக்குத் துணி. அமெரிக்காவில உள்ளுடுப்புச் செஞ்ச கம்பனியில, மெசினுக்கு முன்னால இரிந்த பொண்டுகள் தைச்சது. ஒரு தையல் பிசகியிருந்தா மனிசன் திரும்பி வந்திரிக்க மாட்டான். அந்த விரலுகளுக்கு முன்னால உன்ட மீசை எம்மாத்திரம்?

எங்கட மார்க்கத்தில கேட்டாலும் இதுதான் கதை. முதல்ல துணி தைச்சு உடுத்தவர் இத்ரீஸ் நபி எண்டு பெரியவங்க செல்வாங்க. எங்கட நபியும் வீட்டில கிழிஞ்ச உடுப்பத் தான்ட கையால தைச்சாங்க, செருப்பையும் தைச்சாங்க. நீ ஒரு தெறி கழண்டா மூணு நாளைக்குப் பொண்டாட்டிக்குப் பின்னால திரியிறாய். ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டுற அந்த ஒரு சில நாளைக்குத்தான் ஆம்பிளைக்குத் தையல் இல்லாத துணி. மத்த நாளெல்லாம் ஆரோ ஒருத்தன் தைச்சதுக்குள்ளதான் நீ நிக்கிறாய்.

இப்ப வழி செல்றன், கேளு. மெசினுக்கு விலை கேக்கிறத நிப்பாட்டு. மூட்டாத சாரன் ஒண்டு வாங்கு, கட்டம் போட்டதாப் பாத்து. பொடியன்ட கையில ஒரு ஊசியையும் நூலையும் குடு. ரெண்டு தலைப்பையும் கூட்டி மூட்டடா எண்டு செல்லு. அவ்வளவுதான் பாடம். கோடு கீறத் தேவையில்ல. நெசவுகாரன் கட்டத்திலயே கோடு போட்டுத் தந்திரிக்கான். கொஞ்சம் கோணினாலும் கட்டினாப் பிறகு மடிப்புக்குள்ள மறைஞ்சிடும். பிழையும் மறையும், மானமும் மறையும். இப்பிடி ஒரு பாடம் உன்ட பத்து வீடியோவில எதில இரிக்கி?

ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். அண்டு பின்னேரமே அத உடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருவான். நடையப் பாரு அப்ப! தான் மூட்டின சாரனோட நடக்கிறவன்ட நடையே வேற.

அடுத்தது இஸ்கூல் களிசான். 1993ல இருந்து அரசாங்கம் இஸ்கூல் புள்ளயளுக்குத் துணி சும்மா குடுக்குது. தையல் கூலிய ஆரு சும்மா குடுக்கான்? அதால நாங்க டெய்லர்மார் ஒரு தந்திரம் வச்சிருந்தோம். வளர்ற பொடியனுக்குக் கால் மடிப்ப ரெண்டு இஞ்சி கூட விடுறது. இப்ப உன்ட மகன்ட களிசான் கணுக்காலுக்கு மேல ஏறிட்டு. புதுசு வாங்காத. மடிப்பப் பிரிக்கச் செல்லு.

இஞ்சதான் மனே சூட்சுமம் கிடக்கு. பிரிக்கிறது! துணி கிழியாம, நூல மட்டும் எடுத்து, ஒவ்வொண்டாப் பிரிக்க வேணும். அவசரப்பட்டா ஓட்டை விழும். கோவப்பட்டாக் கிழியும். என்னிட்டத் தொழில் பழக வந்தவனுக்கு முதல் மூணு மாசம் பிரிக்கிற வேலைதான். அழுதிட்டு ஓடினவன் டெய்லர் ஆகல்ல. பிரிச்ச இடத்தில திரும்பத் தைச்சவன்தான் டெய்லர் ஆனான். தைக்கிறது கையில இரிக்கி, பிரிக்கிறது மனசில இரிக்கி. பதினாலு வயசில அதவிட வேற என்ன படிப்பு வேணும்?

நீ என்ன செய்வாயெண்டு எனக்குத் தெரியும். பொடியன் கோணலாத் தைச்ச உடன ‘தா இஞ்ச’ எண்டு பறிப்பாய். இல்லாட்டி ‘சுப்பர் மகன்’ எண்டு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவாய். ரெண்டும் வேணாம். வாயப் பொத்திக்கொண்டு இரி. விரலுல ஊசி குத்துமா? குத்தும். குத்தட்டும். விரலுக்குப் புத்தி வாற வாசல் அதுதான்.

இன்னொரு கதை. போன பெருநாளைக்கு உன்ட மகன் முழங்காலுல ரெண்டு பக்கமும் கிழிஞ்ச ஜீன்ஸ் வாங்கினானே, அது என்ன விலை? சும்மா கேட்டன், செல்லாத. நாப்பது வருசம் கிழிஞ்சதத் தைச்சுச் சோறு திண்ட மனிசன், கிழிச்சு விக்கிறவன்ட விலையக் கேட்டா நெஞ்சு தாங்குமா?

சரி, எழும்ப முன்ன ஒரு உதவி செய். அந்தா, பெட்டிக்குள்ள ஊசி கிடக்கு. எனக்குக் கண் பார்வை குறைவு. நூலக் கோத்துத் தா. உன்ட சட்டையில ரெண்டாவது தெறி இல்ல. வந்த நேரம் தொட்டு ஊக்குக் குத்தின இடத்தக் கையால மறைச்சு மறைச்சுக் கதைக்காய். தைச்சு விடுறன்.

ஏன் நூலோட தடுமாறுறாய்? நுனிய நாக்குல நனை. இன்னம் கிட்டப் பிடி. ஊசியத் திட்டாத, ஆடத் தெரியாதவள் முத்தம் கோணல் எண்டாளாம்.

ஏலாதா? அட, நாப்பது வயசிலயும் ஏலாதா? சரி, விடு. போய் மகனக் கூட்டிக்கொண்டு வா. வரக்குள்ள சாரன் ரெண்டா வாங்கி வா.