இடமிருந்து 5, வலமிருந்து 9

கேள்வி: பட்டியலை ஒரே விடையாகச் சுருக்க ‘ஃபோல்டு லெஃப்ட்’ என்கிறார்களே! இடமாக இருந்தால் என்ன, வலமாக இருந்தால் என்ன, விடை ஒன்றுதானே?

பதில்: கூட்டலுக்கு ஒன்றுதான். கழித்தலுக்கு வந்தால் கதையே வேறு!

10, 3, 2 என்ற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து மடித்தால் 10-இல் 3 போய் 7, அதில் 2 போய் 5. வலமிருந்து மடித்தால் முதலில் 3-இல் 2 போய் 1. பிறகு 10-இல் அந்த 1 போய் 9.

மளிகைக் கடைக்காரர் சீட்டில் மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வருவதைப் போலத்தான் இடமடிப்பும். கையில் எப்போதும் ஒரே ஒரு மொத்தம். அடுத்த பொருள் வந்ததும் அது மாறும். தொடக்க மதிப்பில் மட்டும் கவனம் தேவை. கூட்டலுக்கு 0, பெருக்கலுக்கு 1. பெருக்கலுக்கு 0 கொடுத்துவிட்டால் எத்தனை எண்கள் வந்தாலும் விடை 0. கொடுக்காமலே விட்டால்? காலிப் பட்டியல் வந்ததும், ஜாவாஸ்கிரிப்டில் இடமடிப்பைச் செய்யும் ‘ரெட்யூஸ்’ பிழை காட்டி நின்றுவிடும்.

பைத்தான் 2008-இல் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, அங்குள்ள ‘ரெட்யூஸ்’ உள்ளமைந்த செயல்களின் வரிசையிலிருந்து ‘ஃபங்க்டூல்ஸ்’ தொகுப்புக்குப் போனது. சாதாரண ‘ஃபார்’ சுற்றே படிக்க எளிது என்பது அம்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமின் வாதம்.

ஹாஸ்கெல்லில் சிக்கல் வேறு. அது சோம்பல் கணக்கீட்டு மொழி. பத்து லட்சம் எண்களை இடமடிப்பில் கூட்டச் சொன்னால், கூட்டாமலே கூட்டல் குறிகளை நினைவகத்தில் அடுக்கிவைக்கக்கூடும். அவ்வப்போதே கூட்டிவிடும் கண்டிப்பான வடிவமும் அங்கே உண்டு. 2024-இல் வந்த, ஹாஸ்கெல்லின் நிரல்பெயர்ப்பியான ஜிஎச்சி 9.10 முதல், தனியாக இறக்குமதி செய்யாமலே அதைப் பயன்படுத்தலாம்.