மூன்றாம் வாரப் பயில்வான்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் இவனைப் பார்க்க முடியாது. சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியாமல் வீட்டோடு கிடப்பான். மூன்றாம் வாரம் தெருவுக்கு வருவான், இரண்டு அக்குளிலும் வேனல்கட்டி வந்தவன்போல் கைகளை அகட்டிக்கொண்டு. டீக்கடை பெஞ்சில் ஒன்றரை ஆள் இடம் பிடிப்பான். அரை ஆள் இடம், இனிமேல் வரப்போகும் உடம்புக்கு. எங்கள் மதுரையில் இந்த இனம் ஜனவரியில் பிறந்து, சித்திரைத் திருவிழாவுக்குள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

இருக்கும் வரை அவனுக்கு உலகமே கிராம் கணக்குதான். சோறு போடும் அம்மாவை நிறுத்தி, “சாம்பார்ல புரோட்டீன் எவ்வளவும்மா இருக்கும்?” என்பான். அம்மா விழிப்பாள். அவனே சொல்வான்: “துவரம்பருப்பு 100 கிராம்ல 22 கிராம் இருக்கு. ஆனா நீ போட்டது ஒரு கைப்பிடி. அதையும் அஞ்சு பேரு பிரிச்சுக்கிறோம்.” விசேஷ வீட்டுப் பந்தியில் இவன் பக்கத்தில் உட்காராதீர்கள். பாயசத்துக்கு நீங்கள் இலையை ஒதுக்கும்போது சர்க்கரையைப் பற்றிப் பேசுவான்.

காலையில் ஆறு முட்டை அவிப்பான். வெள்ளை இவனுக்கு, மஞ்சள் கரு வாசலில் நிற்கும் நாய்க்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் என்றால், அதில் இரண்டரை கிராமுக்கு மேல் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. ஆறுக்கு 15 கிராம் தாண்டும். அதை வாசலில் போட்டுவிட்டு, அந்தப் பதினைந்தைத் தேடி மூவாயிரம் ரூபாய் டப்பா வாங்குகிறான். மூன்று வாரத்தில் அவனுக்கு என்ன ஏறியதோ தெரியாது, அந்த நாய்க்கு நல்ல தோள்கட்டு.

டப்பா வந்த நாளைச் சொல்ல வேண்டும். ஸ்கூப் எப்போதும் மாவுக்கு அடியில்தான் புதைந்திருக்கும். முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுப்பதற்குள் அடுப்படி மேடை, ஸ்டவ், உளுந்து டப்பா எல்லாம் சாக்லேட் வாசம். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பிறகு விடிகாலை ஐந்து மணிக்கு ஷேக்கரில் கம்பி உருண்டை போட்டுக் கடகடவென்று ஆட்டுவான். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும். குடித்த ஷேக்கரைக் கழுவாமல் பையில் போட்டு மறந்துவிடுவான். மறுநாள் மூடியைத் திறக்கும்போது எந்த வீரனும் இரண்டடி பின்வாங்குவான்.

“அது என்னடா மாவு?” என்று அம்மா கேட்டாள். பாலைத் திரித்து, கட்டியைப் பன்னீருக்கோ சீஸுக்கோ எடுத்தபின் நிற்கும் தெளிநீரை வடிகட்டிக் காயவைத்தது என்று விளக்கினான்.

“திரிஞ்ச பால்ல நான் கீழ ஊத்துற தண்ணியா?”

“ஆமாம்மா. வே புரோட்டீன்.”

அன்று முதல் பால் திரிந்தால் அவள் அந்தத் தண்ணீரை இவனுக்கு ஒரு டம்ளர் எடுத்து வைக்கிறாள். இவன் தொடுவதில்லை. லேபிள் இல்லை.

மாவு விஷமில்லை. வேளைக்குச் சாப்பிட வாய்க்காதவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவே. சாதாரண ஆளுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எடை தூக்குபவருக்கு 1.6 கிராம் வரை பலன் தரும். ஐம்பத்தெட்டுக் கிலோ தம்பிக்கு அது 93 கிராம். முட்டை, பால், கொண்டைக்கடலை, சோயா உருண்டை, கோழி என்று கூட்டினால் எட்டிவிடலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பேற்ற இந்த மாவெல்லாம் வேண்டாம் என்றே சொன்னது. அவனிடம் சொன்னேன். “அவங்கல்லாம் ஜிம்முக்குப் போயிருப்பாங்களாண்ணே?” என்றான்.

ஜிம்முக்குப் போவதைப் பற்றிப் பேச வேண்டியதுதான். அங்கே ஆஞ்சநேயர் படத்துக்கும் அர்னால்ட் படத்துக்கும் நடுவில் ஒரு மாஸ்டர் நிற்பார். “தம்பி, வெறும் கம்பியே 20 கிலோ. அதைத் தோள்ல வச்சு ஒழுங்கா உட்கார்ந்து எந்திரி. அப்புறம் வாரத்துக்குக் கொஞ்சம் ஏத்தலாம்” என்பார். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் வேலை பழகுவதால் வருவது. தசை பிறகுதான் மெல்லத் தடிக்கும். இதைக் கேட்கும் பொறுமை இவனுக்கு இல்லை. கண்ணாடிக்கு முன் டம்பெல்லோடு நின்று, ஒவ்வொரு தூக்கலுக்கும் புஜம் வளர்ந்துவிட்டதா என்று பார்ப்பான்.

கால் பயிற்சி ஒரே நாள்தான் செய்தான். மறுநாள் வலி, அதற்கு மறுநாள் அதைவிட வலி. வீட்டில் இருப்பதோ குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. உள்ளே போனவன் குழாயைப் பிடித்துத் தொங்கி எழுந்து வர அரைமணி நேரம். குழாய் கையோடு வந்துவிட்டது. அத்தோடு கால் பயிற்சிக்கு முழுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு சிலிண்டர் வந்தது. கேஸ் 14.2 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அதே எடை. “டேய், உள்ள தூக்கி வைடா” என்றாள் அம்மா. “இன்னிக்கு ரெஸ்ட் டேம்மா. ஓய்வுலதான் தசை வளரும்” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அம்மா சிலிண்டரைச் சாய்த்து, அடிவளையத்தில் உருட்டிக்கொண்டே அடுப்படி வரை போய், நிலைப்படியில் ஒரு மூச்சுப் பிடித்துத் தூக்கினாள். சோபாவில் கிடந்தவன் பதறி எழுந்தான்.

“அம்மா, முதுகை வளைக்காத! ஃபார்ம் தப்பு!”