‘30’ என்னும் ஆகமம்: ஜி.என்.டி. சாலைச் சாரதிகளைப் பற்றிய ஒரு பிரமாண விசாரம்

மணிமேகலை வஞ்சி மாநகரம் புகுந்து, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகச் சமயக் கணக்கர் பலருடைய வாதங்களையும் பொறுமையோடு கேட்டறிந்தாள். அவ்வளவு தூரம் போக வசதியில்லாத அடியேன், தச்சூர் கூட்டுச் சாலைத் தேநீர்க் கடையொன்றின் பெஞ்சில் அமர்ந்து, சாலைப் பணி நடக்குமிடத்தில் ‘30’ என்று எழுதி நட்டிருக்கும் வட்டப் பலகையை நம் சாரதிகள் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு ஏற்கிறார்கள், எந்தப் பிரமாணத்தைக் கொண்டு தள்ளுகிறார்கள் என்னும் விசாரத்தில் ஒரு பகற்பொழுதைச் செலவிட்டேன்.

இவ்வாராய்ச்சிக்கு இதனினும் உத்தமமான க்ஷேத்திரம் கிடையாது. முன்னர் 5 என்றும் இப்போது 16 என்றும் எண் பெற்றுக் கல்கத்தாவை நோக்கிச் செல்லும் இந்த ஜி.என்.டி. நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு சுமக்கும் லாரிகளும், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கன்டெய்னர் டிரெய்லர்களும், நெல்லூர்ப் பேருந்துகளும், சொந்த வீடு வேண்டிச் செவ்வாய்க்கிழமை தோறும் சிறுவாபுரி முருகனை நாடுவோரின் கார்களும் ஜாதி பேதமின்றி ஓடுகின்றன. எண்ணூரில் தொடங்கித் திருவள்ளூர் வழியாக மாமல்லபுரத்தை நோக்கும் சென்னை எல்லைச் சாலையும், சித்தூரிலிருந்து வரும் ஆறுவழிச் சாலையும் தச்சூரிலேயே வந்து கூடுவதால், பலகைகளுக்கும் பஞ்சமில்லை.

நூல்கள் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகின்றன. சைவர்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நால்வகை நெறி வகுத்தாற்போல, இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறை, பணியிடத்தை எச்சரிக்கும் பகுதி, ஒதுங்கும் பகுதி, வேலைப் பகுதி, பழைய பாதைக்கு மீளும் பகுதி என நான்காக வகுத்து, சாரதியைப் படிப்படியாகப் பக்குவப்படுத்த முயல்கிறது. பக்குவப்படுவோரிலோ மூன்று மதத்தார் உளர்.

முதல்வர் பிரத்தியட்சவாதிகள். மணிமேகலை கண்ட பூதவாதியின் வழித்தோன்றல்களாகிய இவர்கள், பள்ளம் தெரிந்தால் பிரேக்கையும், ஜல்லிக் குவியல் தெரிந்தால் பிரேக்கையும், பலகை மட்டும் தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரையும் மிதிப்பர். அடுத்தவர் அனுமானவாதிகள். புகையைக் கண்டு மலையில் நெருப்பை ஊகித்த தார்க்கிகரைப் போல, முன்செல்லும் டிரெய்லரின் பின்விளக்கு சிவந்ததும் அப்பால் ஏதோ உண்டென்று ஊகித்து வேகம் தணிப்பர். ஆயினும், பின்விளக்கு எரியாத லாரி இரவில் முன்னே போகுமாயின், இவர்களுடைய தர்க்கம் புகையில்லா நெருப்பில் போய் முடிவதுண்டு. மூன்றாமவர், எழுதிய எண்ணே வேதமென்று 30-க்கு இறங்கும் ஆகமவாதிகள். புதுக் காரின் முதற் கீறலுக்கு அஞ்சும் இச்சிறுபான்மையோரின் பக்தியைப் பின்னால் வரும் ஏர் ஹாரன் கால் கிலோமீட்டருக்குள் கலைத்துவிடுகிறது.

“ரோட்டப் பாத்து ஓட்டணும் சார், போர்டப் பாத்தா ஓட்ட முடியும்?” என்றார் எதிர் பெஞ்சில் இருந்த லாரிச் சாரதி. இதுவே பூர்வபட்சம். மறுப்பாக நான் கணக்கைக் காட்டினேன்: இரண்டு கிலோமீட்டர் வேலைப் பகுதியை 60-இல் கடக்க இரண்டு நிமிஷம், 30-இல் கடக்க நான்கு, ஆக லாபம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காக வண்டி தாங்கிச் செல்லும் மோதும் சக்தியோ இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. அவர் மறுக்கவில்லை, தேநீரை ஆற்றிக்கொண்டே ஐந்து நிமிஷம் யோசித்தார்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என் சித்தாந்தத்தை அசைத்தது: “வேலை முடிஞ்ச எடத்துலயும் அதே போர்டு நிக்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?” 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்படாத வேகக் கட்டுப்பாட்டுக்கு அரசின் அறிவிக்கையும் வேண்டுவதில்லை என்று சலுகை தருகிறது, அதாவது, தற்காலிகம் என்பதற்குச் சட்டம் மனத்தில் வைத்திருக்கும் ஆயுள் முப்பது நாள். நம் பலகைகளுக்கோ அந்த ஆயுட்கணக்குத் தெரியாது. தார் போட்டு, வெள்ளைக் கோடும் இழுத்து, ஆட்கள் மூட்டை கட்டிப் போன பின்னும், மணல் மூட்டையில் ஒருக்களித்துச் சாய்ந்தபடி ‘30’ என்றே ஜபித்துக்கொண்டிருக்கின்றன. இல்லாத புலிக்கு நாள்தோறும் கூவிய இடைப்பையன் கதையை நாம் பலகைக்குக் கற்பித்துவிட்டு, ஓடி வராத ஊராரை நாஸ்திகர் என்று ஏசுகிறோம். ஆகமம் பொய்த்த ஊரில் பிரத்தியட்சவாதம் தழைப்பதில் வியப்பென்ன?

ஆயினும் மும்மதத்தாரும் ஒருமுகமாக வணங்கிய பிரமாணம் ஒன்றை அன்று கண்டேன். 1865-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், யந்திர வண்டிக்கு 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடியேந்தி ஓர் ஆள் நடக்க வேண்டுமென்று விதித்தது. அதைப் படித்துச் சிரிக்கிற நாம், அவனையே சற்று ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். பச்சைச் சட்டையணிந்து, புழுதியில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்ற அந்த ஒடிசா இளைஞன் கொடியை உயர்த்தியதும் லாரியும் காரும் பேருந்தும் பணிந்தன. பக்கத்தில் இருந்த ‘மெதுவாக செல்லவும்’ என்ற பலகையை அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆதலால் அதில் ஓர் ஒற்று விழுந்துபோனதும் தெரியாது. எனினும் அந்தச் சூத்திரத்துக்கு அன்று அவன் ஒருவனே உரையாசிரியன்.

மாலையில் அவன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேநீர் குடிக்கக் கடைக்கு வந்தான். அவன் குடித்து முடிப்பதற்குள் மூன்று மதத்தாரும், ஆகமவாதி உட்பட, ஒரே வேகத்தில் கடந்து போனார்கள்.