ஏகபோகத் தடைச் சட்டத்தின் நிழலில் ஏகபோகமாக வாழ்வது எப்படி?

நீங்கள் பெரிய தொழிலதிபர். உங்களுக்குக் கடிவாளம் போட அரசாங்கம் கிளம்பிவிட்டது. பாராளுமன்றத்தில் உங்கள் பெயர் அடிபடுகிறது. கலங்க வேண்டாம். சுதந்திர இந்தியாவில் இந்தக் கண்டத்தைத் தாண்டிச் சௌக்கியமாக இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் போன வழி இதுதான்.

1. கமிஷன் போட்டால் காபி கொடுத்து வரவேற்கவும்.
1964-ல் நீதிபதி கே.சி. தாஸ் குப்தா தலைமையில் ஏகபோக விசாரணை கமிஷன் வந்தது. மறு வருடமே அறிக்கை கொடுத்து, 75 பெரிய தொழில் குழுமங்களைப் பட்டியல் போட்டது. அதில் பெயர் வந்தால் மனம் நோகாதீர்கள். அரசாங்க முத்திரையோடு பணக்காரர் என்று சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்? அதற்குப் பிறகு ஏகபோகத் தடைச் சட்டம் வர 1969 ஆயிற்று. அமலுக்கு வர 1970 ஜூன். அதற்குள் எத்தனையோ காரியம் முடித்துக்கொள்ளலாம்.

2. லைசென்ஸ் வாங்கவும், ஆலை கட்ட அவசரப்படாதீர்கள்.
1951-ஆம் வருடத்துத் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி, எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கு டெல்லியின் அனுமதி வேண்டும். ராஜாஜி இதை ‘பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம்’ என்று ஓயாமல் சாடினார். பாவம், அவருக்கு ஆலை கிடையாது. ஒரு பொருளை நாடு இவ்வளவுதான் தயாரிக்கலாம் என்று கணக்கு இருந்தால், அந்தக் கணக்கு முழுவதையும் உங்கள் பெயரில் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் மற்றவன் எங்கே வருவான்? திட்டக் கமிஷனுக்காக ஆய்வு செய்த ஆர்.கே. ஹசாரி, பிர்லா குழுமத்தின் விண்ணப்பங்களை வைத்து 1967-ல் இந்த வித்தையை விளக்கமாகவே எழுதினார். ஒரே பொருளுக்குப் பல கம்பெனிகளின் பெயரில் மனு. கிடைத்த லைசென்ஸ்களில் பல அலமாரியிலேயே தூக்கம். குற்றப்பத்திரிகைதான், ஆனால் பாடப்புத்தகமாகவும் படிக்கலாம்.

3. குடும்பத்தைக் காகிதத்தில் மட்டும் பிரிக்கவும்.
1969-ஆம் வருடத்து ஏகபோகத் தடைச் சட்டப்படி 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள குழுமம் விரிவாக்கம் செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே, ஒரு கம்பெனி மைத்துனர் பெயரில், இன்னொன்று சம்பந்தி பெயரில். இவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று நிரூபிப்பது அதிகாரியின் பாடு. தீபாவளிக்கு எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவது சாட்சியமாகாது. பொறுமை இருந்தால் இதுவும் தேவையில்லை. 1985-ல் அரசாங்கமே வரம்பை 100 கோடியாக ஏற்றிவிட்டது.

4. அந்தச் சட்டப்படி அமைந்த ஏகபோகக் கமிஷனைக் கண்டு பயப்படாதீர்கள்.
உங்கள் மனுவைக் கமிஷனுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அரசாங்கத்துக்குக் கட்டாயமில்லை. அனுப்பினாலும், கமிஷன் சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை. பெரும்பாலான மனுக்கள் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. கமிஷனில் செலவாகும் நேரத்தை அமைச்சகத்தின் தாழ்வாரத்தில் செலவிடுங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

5. வாடிக்கையாளரை வரிசையில் நிறுத்தவும்.
பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதே மாப்பிள்ளைக்கு வண்டி பதிவு செய்த அப்பாக்கள் உண்டு. ஓட்டிப் பழகிய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்குக் கைமாறியது. கூடுதலாகத் தயாரிக்கக் கம்பெனியே ஆசைப்பட்டாலும் டெல்லி லேசில் விடாது. லைசென்ஸில் எழுதிய அளவைத் தாண்டினால் குற்றம். இதைவிடச் சுகமான வியாபாரம் உண்டா? விளம்பரம் வேண்டாம், புது மாடல் வேண்டாம், பழி முழுவதும் அரசாங்கத்துக்கு. ஏகபோகத் தடைச் சட்டத்தின் அருமையே இதுதான்: உங்களிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு எதிரே இன்னொருவன் கடை போட முடிகிறதா என்று பார்க்காது. பெரியவனை வளரவிடாத வேலி, சிறியவனை உள்ளேயே விடாது. வேலிக்குள் இருப்பவர் நீங்கள்.

6. கதவைத் திறந்தால் கூச்சல் போடவும்.
1991 ஜூலை 24-ல் புதிய தொழில் கொள்கை வந்தது. 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் ஒழிந்தது. சொத்து வரம்பும் போயிற்று. நாற்பது வருடமாக லைசென்ஸைத் திட்டியவர் நீங்கள், இப்போது மகிழ்ந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கம்பெனியும் அதே கதவு வழியாகத்தான் வரும். 1993-ல் ‘பம்பாய் கிளப்’ என்று பெயர் பெற்ற தொழிலதிபர்கள் கூடி, போட்டி சமமாக இருக்க வேண்டும் என்று முறையிட்டார்கள். சமம் என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்க ஏற்ற தருணம் இது ஒன்றுதான்.

7. அபராதம் விழுந்தால் அப்பீல் செய்யவும்.
சொத்தை எண்ணுவது வீண்வேலை, போட்டியை நசுக்குவதுதான் குற்றம் என்று அரசாங்கத்துக்கு ஒருவழியாக உறைத்து, 2002-ல் போட்டிச் சட்டம் கொண்டுவந்தது. இது கொஞ்சம் விவரமான சட்டம், ஜாக்கிரதை. ஆனாலும் அதன் முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 2009 மே ஆயிற்று. 2012-ல் போட்டி ஆணையம், கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியதாகச் சொல்லி 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. 2015-ல் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2016-ல் ஆணையம் மறுபடி போட்டது. 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சரி என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

இதில் நீங்கள் கற்க வேண்டியது: வழக்கு எத்தனை வருடம் நடந்தாலும் சிமென்ட் மூட்டையை அன்றன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் இறக்குவார்கள். வீடு கட்டுகிறவருக்கு அப்பீல் கிடையாது.