தொட்டில் பக்கத்தில் யார்?

கே: 'தி ஹேண்ட் தட் ராக்ஸ் தி கிரேடில்' படத்தைப் பார்த்துப் பயந்தேன் என்கிறாள் என் மனைவி. பேய்ப் படமா?

ப: பேய் என்றால் வேப்பிலை அடித்து விரட்டலாம். இது மாதச் சம்பளம் கொடுத்து நாமே வரவழைத்த ஆயா!

கே: கதை?

ப: அமெரிக்காவின் சியாட்டில். பரிசோதனை என்ற சாக்கில் அத்துமீறிய மகப்பேறு மருத்துவர் மீது கிளேர் புகார் கொடுக்கிறாள். இன்னும் சில பெண்களும் துணிந்து முன்வர, மருத்துவர் தற்கொலை செய்துகொள்கிறார். கர்ப்பிணியான அவர் மனைவிக்கு வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு கிளேர் வீட்டுக்கே ஆயாவாக வந்து சேர்கிறாள். தப்பு செய்தது புருஷன். வட்டியும் முதலுமாகக் கட்டுவது புகார் கொடுத்தவள்.

கே: உங்களை உலுக்கிய காட்சி?

ப: நள்ளிரவில் ஆயா கிளேரின் கைக்குழந்தையைத் தூக்கி, தன் பாலையே ஊட்டுகிறாள். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. கொஞ்ச நாளில் குழந்தை, பெற்றவளின் பாலை மறுக்கிறது. தன்னிடம்தான் ஏதோ குறை என்று கிளேர் மருகுகிறாள். அவளுக்கு ஆஸ்துமா வேறு. வீட்டிலுள்ள இன்ஹேலர்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காலி செய்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள் இந்தப் புண்ணியவதி. அடிப்பதைவிடக் கொடுமை, ஒருத்தியைத் தன் மேலேயே சந்தேகப்பட வைப்பது.

கே: வீட்டில் ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை?

ப: வந்ததே! வேலி கட்ட வந்த சாலமனுக்கு. அறிவுசார் குறைபாடு உள்ளவர். ஆயா பால் கொடுப்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். உடனே, கிளேரின் மகளிடம் தவறாக நடந்தார் என்று அபாண்டம். இனிக்கப் பேசியவளை நம்பினார்கள், தடுமாறிப் பேசியவரைத் துரத்தினார்கள். எனக்கு ஆயாவைவிட அந்த வீட்டார் மேல்தான் ஆத்திரம். கடைசியில் குழந்தைகளுக்குத் துணை நிற்பதும் சாலமன், வில்லி விழுந்து சாவதும் அவர் கட்டிய வேலி மேல்.

கே: நடித்தவர்கள்?

ப: ஆயா, ரெபெக்கா டி மோர்னே. 1992இல் எம்.டி.வி.யின் சிறந்த வில்லன் விருது ஆண்களைத் தாண்டி இவருக்கு. குட்டை உடைக்க ஓடிவரும் தோழி, ஜூலியன் மூர். கண்ணாடிக் கூரை விழுந்து முந்திக்கொண்டது, பாவம்.

கே: இந்திக்காரர்கள் சும்மா விட்டார்களா?

ப: மறு வருடமே 'கல்நாயிகா'. தாய் ஜெயப்பிரதா, ஆயா அனு அகர்வால். அதே 1993இல் 'திருடா திருடா'வில் நம்மைக் கிறங்கடித்த சந்திரலேகா!

கே: 'மிசரி' பட நர்ஸோடு இந்த ஆயாவை மோதவிட்டால்?

ப: அந்த அம்மாள் நாவலில் கோடாரி எடுத்தார், படத்தில் சம்மட்டி. நடித்த கேத்தி பேட்ஸுக்கு ஆஸ்கர். ஆனால் சம்மட்டி வருவது கண்ணுக்குத் தெரியுமே, காலி இன்ஹேலர் தெரியாதே! என் ஓட்டு ஆயாவுக்கு.

கே: எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைக் கண்டாலே இப்போது உதறுகிறது. நிறுத்திவிடலாமா?

ப: கூடவே கூடாது. தன் பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு உங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வருகிறவர் அவர். சினிமாக்காரி செய்ததற்கு அவர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். திருப்தியா? சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுங்கள், வாரம் ஒரு நாள் லீவும் விடுங்கள்.