தீட்டுவதா, மெழுகுவதா?

காரின் பெயின்ட்டைக் காப்பாற்ற வாக்ஸ் போடுவதா, பாலிஷ் போடுவதா என்று கேட்பது, தலைமுடி நன்றாக இருக்க எண்ணெய் வைப்பதா, முடி வெட்டுவதா என்று கேட்பதைப் போன்றது. இரண்டும் தலையில்தான் நடக்கின்றன. இரண்டில் எது முடிந்தாலும் கண்ணாடியில் ஆள் கொஞ்சம் திருத்தமாகத்தான் தெரிவார். ஆனால் ஒன்றில் தலைக்கு ஏதோ வருகிறது, மற்றதில் தலையை விட்டு ஏதோ போகிறது. வெட்டினால் முடிக்குப் பாதுகாப்பு என்று எந்த சலூன்காரரும் சொல்வதில்லை. கார் விஷயத்தில் மட்டும் சொல்கிறார்கள், நாமும் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். இதற்கு நான் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். 'பாலிஷ்' என்ற சொல்லைத்தான் கூண்டில் ஏற்றுவேன். நம் வீடுகளில் அது மூன்று பெயர்களில் நடமாடுகிறது. ஷூ பாலிஷ் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் மெழுகு. நெயில் பாலிஷ் என்பது சாயம் (1920-களில் கார்களுக்கு அடித்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கு அது தங்கை முறை). பாலிஷ் போட்ட அரிசியிலோ எதையும் போடுவதே கிடையாது. தவிட்டை உரித்து எடுக்கிறார்கள். முதல் இரண்டும் பூசும் கட்சி, மூன்றாவது உரிக்கும் கட்சி. கார் பாலிஷை நாம் ஷூ கட்சியில் சேர்த்து வைத்திருக்கிறோம். அது பரம்பரை அரிசிக் கட்சி.

இன்றைய காரின் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். நாம் ஆசையாகத் தடவிப் பார்ப்பது அந்த நிறமில்லாத பூச்சைத்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுதான். அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. பாலிஷில் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்பொடி இருக்கிறது. கீறலை அது நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் இழைத்துச் சமப்படுத்துகிறது. சமமான பரப்பில் வெளிச்சம் சிதறாமல் திரும்புவதால் கார் மின்னுகிறது. மெஷின் வைத்து ஒரு முறை தேய்த்தால் இரண்டு மூன்று மைக்ரான் போகலாம். போனது திரும்ப முளைக்காது. பாலிஷ் போட்ட அரிசியும் தும்பைப்பூ மாதிரிதான் இருந்தது. அதையே தின்ற கோழிகளின் கால்கள் துவண்டதை 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கவனித்தார். பளபளப்புக்காக உரித்தெறிந்த தவிட்டில்தான் பி1 வைட்டமின் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. வருடத்துக்கு நான்கு முறை பாலிஷ் போட்டு வளர்க்கப்படும் காரும் அந்தக் கோழி ரகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. அரிசியைத் தீட்டுகிறோம், கத்தியைத் தீட்டுகிறோம், வைரத்தைப் பட்டை தீட்டுகிறோம். இந்த மூன்றிலும் தீட்டினால் பொருள் குறையும். தரையை மெழுகுகிறோம். சாணம் மெழுகினால் தரை தேயாது. மேலே ஒரு படலம் ஏறும், நாலு நாளில் போய்விடும், மறுபடி மெழுக வேண்டும். வாக்ஸின் ஜாதகமும் அச்சாக இதுதான். கார்களுக்கான நல்ல வாக்ஸில் சேரும் கார்னோபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. நம் பனைமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். மிட்டாய் மினுமினுக்கவும் அதைத்தான் பூசுகிறார்கள். 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும். காக்கை எச்சமும் போர்வெல் தண்ணீரின் உப்புக்கறையும் முதலில் மெழுகில் உட்காரும், பெயின்ட்டில் அல்ல. ஆனால் அந்த எச்சத்தை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் எந்த மெழுகும் கை கொடுக்காது.

"அந்தக் காலத்தில் அம்பாசிடருக்கு மாதம் தவறாமல் பாலிஷ் போட்டார்கள், இருபது வருஷம் ஓடவில்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். ஓடியது. அந்தக் காலத்து வண்டிகளில் நிறமும் மேற்பூச்சும் ஒன்றே. வெயிலில் மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளிறும். அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் தெரியும். தேய்த்த துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், அதுவே சாட்சி. அங்கே பாலிஷ் வைத்தியம். கிளியர் கோட் பரவலானது 1980-களுக்குப் பிறகு. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் பரம்பரைச் சொத்தாகக் கைமாறி வருகிறது. "சரி, பாலிஷ் போட்டதும் புதுசு மாதிரி ஆகிறதே, அது பொய்யா?" பொய்யில்லை. மலிவான சிலவற்றில் எண்ணெய் மட்டும் கீறலை நிரப்பிக்கொண்டு நிற்கும், நாலு கழுவலில் வெளுத்துவிடும். நல்ல பாலிஷ் நிஜமாகவே கீறலை நீக்கும். நான் கேட்பதெல்லாம், வங்கியிலிருந்து எடுத்த பணத்தைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான்.

அப்படியானால் வாக்ஸ் மட்டும் போதுமா? அழுக்கு முகத்தில் பவுடர் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கழுவிவிட்டு, கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும் தீட்டி, பிறகு மெழுக வேண்டும். நியாயமான கேள்வி வேறு: அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது? விடிகாலையில் எந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் பார்க்கலாம். ஒரு வாளி, ஒரு மஞ்சள் துணி, ஏழு கார். இரவெல்லாம் படிந்த புழுதி மேல் அந்தத் துணி உலர்ந்தபடியே வட்டம் வட்டமாகப் போகிறது. அது கீழே விழுகிறது. ஒரு உதறு, மறுபடி பானெட்டில் ஏறுகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, கத்தியின் எஃகையே கீறக்கூடியது. தெருவிளக்கு வெளிச்சத்தில் கறுப்புக் காரின் மேல் சிலந்திவலை மாதிரி தெரியும் கோடுகள் இப்படித்தான் பிறக்கின்றன. தினம் காலையில் மணலால் தேய்ப்போம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்து அந்தத் தேய்ப்பைத் தேய்த்து எடுப்போம். கேட்டால் பராமரிப்பு என்போம்.

"இந்தச் சில்லறைச் சண்டையே வேண்டாம், செராமிக் போட்டுவிட்டேன்" என்பவருக்கும் ஒரு வார்த்தை. அது வாக்ஸைவிட அதிக காலம் நிற்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் '9எச்' கடினம் பென்சில் அளவுகோலில் எடுத்தது. அதாவது 9எச் பென்சிலால் அந்தப் பூச்சைக் கீற முடியாது. நம் தெருவில் காரைக் கீற வருகிற யாரும் பென்சில் கொண்டு வருவதில்லை. டெஃப்லான் கோட்டிங் இன்னும் சுவாரசியம். தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டி நிற்பதற்கு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைத்தால் டெஃப்லான் நிற்கும், டயர் நிற்காது.

கடைசியாக ஒரு கட்சி உண்டு: எதுவுமே போடாமல் நிழலில் நிறுத்தினால் போதாதா? இவர்களிடம் எனக்கு மறுப்பே இல்லை. கூரைக்கு இணையான பூச்சு இன்னும் டப்பாவில் வரவில்லை. கூரை இல்லாதவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெழுகுங்கள். தீட்டுவதை விரலில் எண்ணும்படி வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் 'வாக்ஸ் பாலிஷ்' என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் திருப்பிப் பார்த்து, கீறல் நீக்கும் என்று இருந்தால் அது தீட்டும் சரக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலை வண்டி துடைக்க வருபவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "தம்பி, முதல்ல தண்ணி ஊத்து, அப்புறம் துடை."